எந்தப் படம், யாருடைய படம்

ம்பத்தமாத்து, லுவான்ஷ்யா
11 மார்ச் 1998

'தாமிரக் குரல்' நிருபர் திரு. முபிட்டா சிட்டாலி அவர்களுக்கு,

நேற்று உங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்தில், உங்கள் பெயருக்குக் கீழே, என் கணவரின் படம் வந்திருக்கிறது. அவர் யாரையும் கொல்லவில்லை. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பள்ளித் தொலைபேசியிலிருந்து உங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். எடுத்த பெண், "எழுதிக் குடுங்கம்மா, எழுத்துல இருந்தாத்தான் பாப்பாங்க" என்றாள். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எழுத எனக்குத் தெரியும்.

ந்டோலாவில் இரண்டு சிறுமிகளைக் கொன்ற வழக்கில் பிடிபட்டு, போலீஸ் வண்டியிலிருந்து தப்பி ஓடியவன் பெயர் கசூபா லோம்பே. என் கணவர் பெயரும் கசூபா லோம்பே. பெயர் ஒன்று, ஆள் வேறு. இவர் சுரங்கத்தில் மின்சார வேலை பார்த்தவர். போன வருடம் ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது சந்தையில் ரேடியோ பழுதுபார்க்கிறார். நீங்கள் போட்ட படம், சுரங்கத் தொழிலாளர் குத்துச்சண்டையில் அவர் ஜெயித்த அன்று உங்கள் பத்திரிகை ஆளே வந்து எடுத்தது. கையுறை தெரியாமல் வெட்டிவிட்டீர்கள். வீங்கிய கண்ணை விட்டுவைத்திருக்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் கொலைகாரன் மாதிரிதான் இருக்கிறார்.

நேற்றுக் காலை கடை திறக்கப் போனவரைப் பக்கத்துத் தக்காளிக்காரி தடுத்திருக்கிறாள். "பாஷி சோலா, பேசாம வீட்டுக்குப் போங்க. உங்க மூஞ்சிய வெட்டி எடுத்து ஒவ்வொரு கடையிலயும் ஒட்டி வச்சிருக்கானுங்க." எங்கள் மூத்தவள் பெயர் சோலா. அதனால் இங்கே அவர் பாஷி சோலா, நான் பனா சோலா. அவர் வந்து இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "இந்த வயசுல பேப்பர்ல வந்துட்டேன், பாத்தியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாளைய இதழில், முதல் பக்கத்திலேயே, இந்தப் படத்தில் இருப்பவர் அந்த ஆள் அல்ல என்று போடுங்கள். எங்களுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். இதைப் பேருந்து ஓட்டுநர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

முத்தாலே லோம்பே


'தாமிரக் குரல்', ந்டோலா
13 மார்ச் 1998

திருமதி லோம்பே அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் மனக்கஷ்டத்தைப் புரிந்துகொள்கிறோம்.

குறிப்பிட்ட படம் நம்பகமான இடத்திலிருந்து பெறப்பட்டது. அதில் பிழை இருப்பதாகப் போலீசார் எங்களிடம் இதுவரை தெரிவிக்கவில்லை. ஒரே பெயரில் பலர் இருப்பது சகஜம். ஒரே சாயலிலும் இருக்கலாம். தங்கள் கணவர் அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்குச் சென்று, தேடப்படுபவர் தாம் அல்ல என்று எழுதி வாங்கி அனுப்பினால் அதை ஆசிரியரின் பார்வைக்கு வைப்பேன். ஆசிரியர் லுசாகா சென்றிருக்கிறார். இதில் முடிவெடுக்க வேண்டியவர் அவரே.

எனக்கும் இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். மக்களின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதைத் தாங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

முபிட்டா சிட்டாலி
நிருபர்


ம்பத்தமாத்து
15 மார்ச் 1998

திரு. முபிட்டா அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தோம். நேற்று மழையில், சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு, தொப்பியை இழுத்துவிட்டு அவரை மினிபஸ்ஸில் ஏற்றினேன். அப்படி ஒளிந்து உட்கார்ந்ததால்தான் சந்தேகமே வந்தது. எதிரில் இருந்த பெண் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"டிரைவர், நிறுத்துப்பா. இந்தாள் இறங்கட்டும். இல்லாட்டி நாங்க இறங்கறோம்."

"எதுக்கும்மா?"

"மூஞ்சியப் பாரு, தெரியும்."

நாங்கள் இறங்கிக்கொண்டோம். மீதி வழியை நடந்தோம்.

போலீஸ் நிலையத்தில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். இவரைப் பார்த்ததுமே, "அந்தாளு உங்களவிட ஒரு சாண் குள்ளம். முன்பல் வேற இல்ல" என்றார். எழுதித் தரச் சொன்னேன். "தர்றேன்மா. ஆனா இந்தக் காகிதத்த எத்தனை பேர்கிட்டக் காட்டுவீங்க? பேப்பர் ஊரெல்லாம் போயிடுச்சு. போட்டவங்களே எடுத்தாத்தான் உண்டு" என்றார். அவர் எழுதிக் கொடுத்ததை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார். போலீசார் எந்தப் பத்திரிகைக்கும் படம் கொடுக்கவில்லையாம். அப்படியென்றால் நீங்கள் எழுதிய நம்பகமான இடம் எது?

திரும்பி வரும்போது கடையின் தகரத்தைப் பிய்த்துப் போட்டிருந்தார்கள். ஊராருடைய ரேடியோக்கள் சேற்றில் கிடந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, எது யாருடையது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

குழந்தைகளை வைத்திருப்பவர்களின் கோபம் எனக்கும் தெரியும். எனக்கும் மூன்று பேர் இருக்கிறார்கள். அந்தக் கோபம் தப்பான வீட்டுக்கு வந்திருக்கிறது. வழி காட்டியது நீங்கள். பேருந்தில் ஒரு மணி நேரம்தான். வந்து அவர் முகத்தைப் பாருங்கள்.

முத்தாலே லோம்பே


'தாமிரக் குரல்', ந்டோலா
18 மார்ச் 1998

திருமதி லோம்பே,

இன்றைய இதழில் திருத்தம் வந்துவிட்டது. வெட்டி இணைத்திருக்கிறேன். பதினோராம் பக்கத்தில், இரங்கல் அறிவிப்புகளுக்குக் கீழே இருக்கிறது.

"அண்மையில் எமது முதல் பக்கத்தில் வெளியான படம் ஒன்று தவறுதலாக இடம்பெற்றுவிட்டது. அதற்கு வருந்துகிறோம்."

நான் எழுதிக் கொடுத்தது இதைவிட நீளம். தங்கள் கணவரின் பெயர், ஊர், தொழில் எல்லாம் அதில் இருந்தன. ஆசிரியர் அடித்துவிட்டார். "ஆளோட பேரப் போட்டா நாமளே வழக்குக்கு வெத்தல பாக்கு வச்ச மாதிரி ஆயிடும். வக்கீல் வேண்டாங்கறார். அதோட, முதல் பக்கத்துல போயி நாங்க தப்புப் பண்ணிட்டோம்னு போட்டா நாளைக்கு எவன் நம்ம பேப்பர வாங்குவான்?" என்றார். நான் வற்புறுத்தவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் போதுமான அளவு வற்புறுத்தவில்லை.

எப்படியும் இது எழுத்தில் வந்துவிட்டது. இன்னும் சில நாட்களில் ஜனங்கள் மறந்துவிடுவார்கள். அதுவரை அவரை வெளியே அனுப்பாதீர்கள்.

முபிட்டா


ம்பத்தமாத்து
26 மார்ச் 1998

முபிட்டா சிட்டாலிக்கு,

செவ்வாய்க்கிழமை அவரைப் புதைத்தோம்.

நீங்கள் அனுப்பிய பத்திரிகைத் துண்டு வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. நான் படித்தேன். இது யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைத்தேன். அவர் வேறு மாதிரிப் படித்தார். இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலை ரேடியோக்களை ஒரு சாக்கில் கட்டினார். சரி செய்தவற்றைச் சொந்தக்காரர்களிடம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றார்.

"கொஞ்ச நாள் பொறுங்க."

"இன்னும் எதுக்குப் பொறுக்கணும்? தப்புன்னு அவங்களே போட்டுட்டாங்க. இனிமேயும் வீட்டுக்குள்ள கெடந்தா நான்தான் அவன்னு ஆயிடாது?"

நான் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சிலேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போகவிட்டேன்.

மீதியைத் தக்காளிக்காரி சொன்னாள். சந்தை வாசலில் ஒரு சின்னப் பெண் அம்மாவைக் காணாமல் அழுதுகொண்டு நின்றிருக்கிறாள். எல்லோரும் பார்த்துக்கொண்டே போனார்கள். இவர் சாக்கை இறக்கி வைத்துவிட்டு, குனிந்து, அம்மா பேர் என்ன என்று கேட்டிருக்கிறார். கையைப் பிடித்திருக்கிறார். அவ்வளவுதான். எங்கிருந்தோ ஒருத்தி "அவன்டா" என்று கத்தினாள்.

அவர் ஓடவில்லை. பையிலிருந்து உங்கள் துண்டை எடுத்து நீட்டினார். "படிங்க. தப்புப் படம்னு பேப்பர்லயே போட்டிருக்காங்க. யாராவது படிங்க." பேருந்துக்கு ஆள் கூப்பிடும் ஒருவன் அதை வாங்கி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தான். படித்துவிட்டுக் கேட்டான்.

"எந்தப் படம்? யாரோட படம்? இதுல உன் பேரே இல்லியே."

பதில் அதில் இல்லை.

தக்காளிக்காரி மேலே விழுந்து தடுத்திருக்கிறாள். அவள் கை ஒடிந்திருக்கிறது. அந்தச் சின்னப் பெண்ணின் தாய் ஓடி வந்து, "எம்பொண்ண அவர் ஒண்ணும் பண்ணல" என்று கதறியபோது, கேட்பதற்கு அவர் இல்லை.

திங்கட்கிழமை உங்கள் பத்திரிகை அதையும் போட்டது. 'தேடப்பட்ட சிறுமியர் கொலையாளி சந்தையில் அடித்துக் கொலை.' இந்த முறை படம் போடவில்லை. ஊர் சரி, கிழமை சரி, பெயரும் சரி. ஆள் மட்டும்தான் தப்பு. புதைகுழிக்குப் பக்கத்தில் நின்று என் மகள் அதை வாசித்தாள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

முத்தாலே


ந்டோலா
9 ஏப்ரல் 1998

பனா சோலா,

பதில் எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். படிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரி.

நேற்று மாலை கபிரி ரயில் நிலையத்தில் அந்த ஆளைப் பிடித்துவிட்டார்கள். குள்ளம். முன்பல் இல்லை. நான் போய்ப் பார்த்தேன்.

நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை. நம்பகமான இடம் என்று எழுதியது எங்கள் அலுவலக மேசையின் இழுப்பறையைத்தான். அச்சுக்குப் போகும் நேரம். முதல் பக்கத்துக்கு ஒரு முகம் வேண்டும் என்று ஆசிரியர் கத்திக்கொண்டிருந்தார். பெயரைச் சொல்லித் தேடினேன், கிடைத்தது. கிடைத்தது விளையாட்டுப் பிரிவின் இழுப்பறையில். குத்துச்சண்டைக்காரன் கொலையும் செய்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் கேட்கவில்லை. கையுறையை வெட்டச் சொன்னதும் நான்.

உங்கள் முதல் கடிதத்தைப் படித்து முடித்தபோதே நீங்கள் சொல்வது உண்மை என்று தெரிந்துவிட்டது. அன்றே பேருந்து ஏறியிருக்கலாம். அதற்குப் பதில் உட்கார்ந்து, உங்கள் கடிதத்தில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினேன். வாசகர் கடிதம் வந்தால் நாங்கள் அப்படித்தான் செய்வோம். சரியா என்று பார்ப்பதில்லை. தப்பிக்க இடம் இருக்கிறதா என்று பார்ப்போம்.

இன்று காலை முழு விவரத்தையும் எழுதி ஆசிரியர் மேசையில் வைத்தேன். "செத்தவன் செத்துட்டான் முபிட்டா. உனக்கும் வேலை போகணுமா?" என்றார். அவரே போட மாட்டேன் என்ற பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை. உங்கள் சந்தைக்கு வந்து, அதே இடத்தில் நின்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். வரலாமா?

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முபிட்டா


ம்பத்தமாத்து
13 ஏப்ரல் 1998

முபிட்டா,

மன்னிப்பை நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். நான் முதல் நாள் கேட்டதைத்தான் இன்றும் கேட்கிறேன்.

வருவதானால் சனிக்கிழமை வாருங்கள். கூட்டம் அன்றுதான். வீட்டுக்கு வந்து என் முன்னால் அழுதுவிட்டுத் திரும்பிப் போகாதீர்கள். இந்த வீட்டில் அதற்கு ஆள் இருக்கிறது. நேராகச் சந்தைக்குப் போங்கள். 'பத்திரிகை தவறு செய்துவிட்டது' என்று சொல்லாதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். அவர் பெயரை முழுதாகச் சொல்லுங்கள், என்ன வேலை பார்த்தார் என்று சொல்லுங்கள்.

அடி விழலாம். அதையும் யோசித்துக்கொண்டு வாருங்கள்.

முத்தாலே


சம்ஃப்யா
20 ஆகஸ்டு 1998

முபிட்டா,

ஏரிக்கரையில் என் அக்கா வீட்டில் இருக்கிறேன். இங்கே ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது.

நீங்கள் வந்த அன்று நான் மீன் கடைகளின் பின்னால் நின்றிருந்தேன். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வெங்காயப் பெட்டி மேல் ஏறி நின்று சொன்னதை எல்லாம் கேட்டேன். யாரும் அடிக்கவில்லை. எனக்கு அதுதான் அதிக வேதனை. இவரை அடிக்கக் கை நீட்டியவர்கள், உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு கருவாட்டு விலை கேட்கப் போய்விட்டார்கள்.

சந்தையில் இத்தனை பேர் கேட்ட பிறகு உங்கள் ஆசிரியரால் மூடி வைக்க முடியவில்லை. அடுத்த வாரம் முதல் பக்கத்தில் வந்தது. அதே இடம், அதே அளவு, முழுப் படம். வந்ததும் தெருவே வீட்டுக்கு வந்தது. மாவு கொண்டுவந்தார்கள், கரி கொண்டுவந்தார்கள். அன்று அவரை அடித்தவர்களில் இரண்டு பேர்கூட வந்தார்கள். சோலா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "அம்மா, இவங்க குடுக்கறத நாம திங்கணுமா?" என்றாள். அந்த வாரமே கிளம்பிவிட்டோம்.

இதை எல்லாம் சொல்ல எழுதவில்லை. வேறு விஷயம்.

போன வாரம் இங்கே ஏரியில் படகு கவிழ்ந்தது. செத்தவர்கள் என்று உங்கள் பத்திரிகை போட்ட பெயர்களில் மும்பா சிசங்கா என்று ஒன்று இருக்கிறது. அவன் சாகவில்லை. படகில் இடம் இல்லை என்று இறக்கிவிட்டிருக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரையில் உட்கார்ந்து இந்த நிமிஷம் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறான். நானே பேசினேன். "பேப்பர்ல செத்துட்டேனா? அப்ப இன்னிக்கு வேலைக்கு லீவு குடுங்க டீச்சர்" என்று சிரிக்கிறான். எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். அவன் தாய் ந்டோலாவில், சிஃபுபுவில் இருக்கிறாள். பெயர் எஸ்னார்ட். சந்தைக்குப் பின்னால் கேட்டால் வீட்டைக் காட்டுவார்களாம்.

அந்தப் பத்திரிகையில் உங்களைத் தவிர எனக்கு வேறு ஆளைத் தெரியாது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

முத்தாலே


ந்டோலா
24 ஆகஸ்டு 1998

பனா சோலா,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. படகுச் செய்தி நான் எழுதியது அல்ல, ஆனால் நான் சரிபார்த்தது. பெயர்களைத் துறைமுகத்தில் பயணச்சீட்டு வாங்கியவர்களை வைத்துப் போட்டிருக்கிறோம். யார் ஏறினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாளை முதல் பக்கத்தில் மும்பா சிசங்கா உயிரோடு இருக்கிறார் என்று வருகிறது. எப்படித் தப்பு நடந்தது என்றும் வருகிறது. ஆசிரியர் முறைத்தார். ஆனால் வெட்டவில்லை.

நாளை வரை காத்திருக்க முடியவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு சிஃபுபுவுக்கு ஓடினேன். துக்க வீடு. வாசலில் நெருப்பு மூட்டி ஆண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள் தரையில். எஸ்னார்ட் அம்மாவைக் கூப்பிட்டு மகன் உயிரோடு இருக்கிறான் என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"யாரு சொன்னது?"

"சம்ஃப்யாவுல ஒரு டீச்சர் நேர்ல பாத்திருக்காங்கம்மா. எழுதியிருக்காங்க."

"செத்துட்டான்னு யாரு சொன்னது?"

"நாங்கதாம்மா. நான் பாத்துத்தான் அனுப்பினேன்."

கன்னத்தில் அறைந்தார். பிறகு கடிதத்தைப் படிக்கச் சொன்னார். மகன் ஆணி அடிக்கும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். அப்புறம்தான் அழுதார். பெண்கள் எல்லோரும் சேர்ந்து அழுதார்கள், இறப்புக்கு அழுததைவிட அதிகமாக.

கொஞ்சம் ஓய்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த டீச்சரம்மா வீட்டுக்காரர் பேர் என்ன? ஞாயித்துக்கெழம கோயில்ல அவங்க ரெண்டு பேரையும் பேர் சொல்லி வேண்டிக்கணும்" என்றார்.

சொன்னேன்.

நெருப்புப் பக்கம் இருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்கினார். "கசூபா லோம்பேயா? அந்தப் பொண்ணுங்களக் கொன்னானே, சந்தையில அடிச்சுப் போட்டாங்களே, அவனா?"

திருத்தத்தை முதல் பக்கத்தில் அதே அளவில் போட்டோம். அவர் அதைப் பார்க்கவில்லை. முதலாவதைப் பார்த்திருக்கிறார்.

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இழுப்பறையைத் திறந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன்.

முபிட்டா